பட்டைத் தொடாத ஒச்சம்மாள்

“எந்த மகராசன்ப்பா மேசையில மெழுகுவத்திய நட்டு வச்சது?”

இப்படிக் கேட்டுக்கொண்டு அறைக்குள் நுழைந்தபோதுதான் ஒச்சம்மாளை முதன்முதலாகப் பார்த்தேன். மதுரையில் அந்தப் பெண்கள் கல்லூரியின் அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மூன்றாவது நாள். முந்தின நாள் சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. விழா மண்டபத்துக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் ஜெனரேட்டர் உண்டு. பழைய பதிவேடுகள் கிடக்கும் எங்கள் அறைக்குக் கிடையாது. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பத்தாம் வகுப்புக்கு எப்படிப் படித்தேனோ அதையே இங்கும் செய்தேன். மெழுகுவர்த்தியைச் சாய்த்து நாலு சொட்டு விட்டு, ஆறுவதற்குள் அதன் மேலேயே நட்டேன். ஊரில் அது சிமெண்ட் தரை. இங்கே அது தேக்கு மேசை.

“நான்தான்க்கா” என்றேன்.

“படிச்ச புள்ளையா?”

“பி.காம்.க்கா. எங்க வீட்டுல மொதப் பட்டதாரியே நான்தான்.” கேட்காததையும் சேர்த்துச் சொல்வது அப்போது என் வழக்கம். பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

“அதான பாத்தேன். படிக்காதவனா இருந்தா ஒரு கொட்டாங்குச்சியக் கவுத்தி அதுமேல வச்சிருப்பான்.”

நீலக் கோட்டின் பையிலிருந்து, ரப்பர் பேண்ட் போட்ட நான்கு அட்டைகளை எடுத்தார். சீட்டுக்கட்டைப் போல விரித்துப் பார்த்து ஒன்றை உருவினார். “மரத்துக்குப் பிருந்தாதான் சரிப்பட்டு வரும்.”

அவை பழைய மாணவிகளின் அடையாள அட்டைகள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது ஒப்படைத்துவிட்டுப் போனவை. எடைக்குப் போகவிருந்த மூட்டையிலிருந்து பொறுக்கி வைத்திருந்தார். பிருந்தா, வேதியியல்: விளிம்பு மழுங்கி வளைந்து கொடுக்கும், அதனால் மரம். திவ்யா, ஆங்கிலம்: விறைப்பான அட்டை, கிரானைட் தரைக்கு. கணிதம் படித்த சுபலட்சுமி மேடைக் கம்பளத்துக்கு. நான்காவது அட்டையில் பெயரும் போய்விட்டது. அது குத்துவிளக்கின் அடிப்பாகத்துக்கு. கத்தியை எடுக்கவே மாட்டார். “கத்தி, மெழுகோட சேத்து மேசையவும் எடுத்துரும் தம்பி.” அட்டையில் படம் இருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துத்தான் சுரண்டுவார். “மூஞ்சி தேஞ்சிறக் கூடாதுல்ல? யாரு பெத்த புள்ளையோ.”

மேலே இருந்ததைச் செதில் செதிலாகப் பெயர்த்த பிறகு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மரத்தின் ரேகை போகும் திசையிலேயே இழுத்தார். கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். மேசை பழையபடி ஆனது. ஆனால் என் பெயர்தான் அன்றே கெட்டுப்போனது. கேட்டில் காவலுக்கு இருக்கும் சிவனாண்டி அண்ணன் சாயங்காலமே, “மெழுகுவத்தி நட்ட தம்பி, எப்ப காய்க்கும்?” என்றார்.

ஒச்சம்மாளுக்கு ஐம்பத்துமூன்று வயது. சமயநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம் வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தே கல்லூரிக்கு வந்துவிடுவார். முப்பது வயது வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். இங்கே விழா மண்டபம் அவர் பொறுப்பு. நீலக் கோட்டுக்குள் எப்போதும் பருத்திச் சுங்குடிச் சேலைதான். அந்தச் சேலைகள் ஒவ்வொன்றின் கீழ் விளிம்பிலும் பழுப்பு நிறத்தில் பிறை பிறையாகக் கருகல் தடங்கள் இருக்கும். அடுப்படியில் பட்டதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

ஒரு கல்லூரி மண்டபத்தில் இவ்வளவு மெழுகு எங்கிருந்து வருகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நம் விழாக்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் போதும். குத்துவிளக்கில் ஐந்து திரி, மேடையில் ஐந்து பெரியவர்கள், கையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. சிறப்பு விருந்தினர் முதல் திரியை ஏற்றிவிட்டு அப்படியே நிற்பார், போட்டோவுக்கு. பிறகு மெழுகுவர்த்தியைச் செயலருக்குக் கொடுப்பார், அதையும் கேமராவைப் பார்த்துக்கொண்டே. கொடுக்கிற கை சாய்க்கும், வாங்குகிற கை சாய்க்கும். ஐந்து பேர் கை மாறுவதற்குள் கம்பளத்தில், விளக்கடியில், யாராவது ஒருவர் சட்டைக் கையில், யாராவது ஒருவர் சேலையில் சொட்டியிருக்கும். எல்லோரும் சிரித்த முகத்தோடு இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஒச்சம்மாள் திரைக்குப் பின்னால் நின்று எத்தனை சொட்டு, எங்கெங்கே என்று பார்த்து வைத்திருப்பார்.

விழுந்தவுடன் ஓடிப்போய்த் துடைக்க மாட்டார். “சூட்டோட கை வச்சா உள்ள போயி ஒளிஞ்சுக்கிரும். அதுபாட்டுக்கு எறுகட்டும்.” கூட்டம் கலைந்ததும் கேன்டீனிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து, பாலிதீன் பையில் போட்டு அதன் மேல் வைப்பார். கல்லாக இறுகியதும் சுபலட்சுமியின் அட்டை வேலையைப் பார்க்கும். இழைக்குள் மிச்சம் இருப்பதற்கு, மேலே ஒரு தாள் போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டி. மெழுகு உருகித் தாளுக்கு ஏறிவிடும். ஆரம்பத்தில் செய்தித்தாளைத்தான் போட்டுத் தேய்த்தாராம். ஒருமுறை வெள்ளை மேசை விரிப்பில் தங்கம் விலை தலைகீழாக அச்சாகிவிட்டது. அதிலிருந்து எழுத்து இல்லாத சாணித்தாள் மட்டும்தான்.

மெழுகு விழாமலிருக்கவும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். டீ குடிக்கும் பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டு, மெழுகுவர்த்தியை அதில் செருகிவிடுவது. சொட்டுவதெல்லாம் கப்புக்குள்ளேயே நின்றுவிடும். இரண்டு விழாக்களில் அப்படியே நடந்தது. மூன்றாவதில் போட்டோகிராபர், “மேடை டீக்கடை மாதிரி தெரியுது சார்” என்று முறையிட்டார். கப்பு வேண்டாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். ஆனாலும் ஒச்சம்மாள் ஒவ்வொரு விழாவுக்கும் ஓட்டை போட்ட ஒரு கப்பைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் திரைக்குப் பின்னால் நிற்பார்.

கம்பளம், கிரானைட், ஒலிபெருக்கி மேசை, பருத்தி, பாலியஸ்டர் என்று எதில் விழுந்தாலும் எடுத்துவிடுகிற அந்தக் கை, ஒன்றை மட்டும் தொடாது. சென்ற ஆண்டு விளையாட்டு விழாவில், புதிதாகச் சேர்ந்த தமிழ்வாணி என்ற ஆசிரியையின் பட்டுச் சேலையில் மெழுகு சொட்டிவிட்டது. “அக்கா, நீங்க எடுத்துருவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க” என்று முந்தானையை நீட்டினார். ஒச்சம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்.

“பட்டு நான் தொடுறதில்ல டீச்சர். டவுன்ஹால் ரோட்டுல டிரை கிளீனிங் கடை இருக்கு, குடுத்துருங்க. வெந்நி மட்டும் ஊத்திறாதீக. சாமி சத்தியமா ஊத்திறாதீக.”

சேலைக்காரரைவிட இவர் முகம்தான் வெளிறிக் கிடந்தது.

காரணத்தைச் சிவனாண்டி அண்ணன் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன் மகளிர் தின விழா. யாரோ அழகுக்கென்று சிவப்பு மெழுகுவர்த்தி வாங்கி வந்திருந்தார்கள். வெள்ளை என்றால் கறை மெழுகோடு போய்விடும். சிவப்பில் சாயமும் சேர்ந்து இறங்கும். தமிழ்த்துறை ஸ்ரீலக்ஷ்மி மேடத்தின் சந்தன நிறப் பட்டில் அது சொட்டியது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கென்று அவர் வாங்கிய சேலை. குத்துவிளக்கில் ஒட்டிய மெழுகைக் கொதிக்கிற வெந்நீர் ஊற்றித்தான் அதுவரை ஒச்சம்மாள் எடுத்து வந்தார். பித்தளைக்குச் செய்ததையே பட்டுக்கும் செய்தார். கேன்டீன் பிளாஸ்கைக் கொண்டுவந்து மேலே ஊற்ற, துளித்துளியாக இருந்தது உருகி, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகப் பரவி இழைக்குள் இறங்கிவிட்டது.

“மேடம் ஒரு வார்த்த வையலப்பா” என்றார் சிவனாண்டி அண்ணன். “‘பரவால்ல, விடு ஒச்சம்மா’ன்னு போயிட்டாக. நல்லா நாலு வஞ்சிருந்தாகன்னா இவ மறுநாளே மறந்திருப்பா.”

அதற்கு முன்பு ஸ்ரீலக்ஷ்மி மேடம் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது “ஒச்சம்மா” என்று கூப்பிடுவாராம். மாத்திரை வாங்கிவர, நூலகத்துக்குப் புத்தகம் கொண்டுபோக, டிபன் டப்பா கழுவ. அந்த விழாவுக்குப் பிறகு ஒரு வேலையும் வைத்ததில்லை. எதிரே பார்த்தால் சிரிப்பார். டப்பாவைத் தானே கழுவிக்கொள்வார். அந்தச் சேலையையும் அவர் ஒதுக்கவில்லை. ஒவ்வொரு பொங்கல் விழாவுக்கும் கறை கொசுவத்துக்குள் போகும்படி மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். ஒச்சம்மாள் அன்றைக்குத் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரமாட்டார்.

பழுப்புப் பிறைகளின் கதையும் அப்போதுதான் தெரிந்தது. மெழுகு எடுக்கும் வித்தையை ஒச்சம்மாள் அந்த விழாவுக்குப் பிறகுதான் ஒன்றொன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து எந்தத் துணியில் இஸ்திரிப் பெட்டியை வைப்பதானாலும், முதலில் தன் சேலை விளிம்பில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் துணிக்குப் போவார்.

ஸ்ரீலக்ஷ்மி மேடம் ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. ஓய்வூதியப் படிவங்களில் கையெழுத்திட எங்கள் அறைக்கு வந்து, அந்தத் தேக்கு மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒச்சம்மாள் துணியோடு வந்து ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். மெழுகு சிந்தினாலொழிய எங்கள் அறை அவர் பொறுப்பே இல்லை. ஒரே கண்ணாடியை நாலாவது முறை துடைத்தபோது மேடம் நிமிர்ந்தார்.

“ஒச்சம்மா, அந்தக் கண்ணாடியில இனிமே ஓட்டைதான் விழணும். என்ன விஷயம், சொல்லு.”

“ஒண்ணுமில்ல மேடம்.”

“சரி.” மேடம் மறுபடி குனிந்தார்.

“அந்தச் சேலைய ஒருக்க எங்கிட்ட குடுங்க மேடம்.”

எந்தச் சேலை என்று மேடம் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். “எட்டு வருஷம் ஆச்சு. இனிமே அது போகாது. விடு.”

“போகலேன்னா போகட்டும். நான் ஒருக்கப் பாக்கணும்.”

“உனக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு? அன்னைக்கு நீ உக்காந்து அழுததைப் பார்த்தேன்ல. இனிமே இவளுக்கு ஒரு வேலையும் வச்சுக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “அதுக்காகவா மேடம்?”

“பின்னே?”

“ஒங்க டப்பாவ நீங்களே கழுவுறீக. எட்டு வருசமா ஒரு மாத்தர வாங்கியாரச் சொல்லல. என் கையில எதக் குடுத்தாலும் நாசமாயிரும்னு நெனைக்கிறீகன்னுல்ல நான்…”

மீதியை ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். நான் பைலுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

“நாளைக்குக் கொண்டு வரேன்” என்றார் மேடம்.

மறுநாள் சேலை ஒரு மஞ்சப் பையில் வந்தது. மூன்று மதிய இடைவேளைகள், மேடைக்குப் பின்னால் இருக்கும் ஒப்பனை அறையில் அந்த வேலை நடந்தது. நல்ல சாணித்தாள் வாங்கிவந்து கொடுத்ததால் எனக்கும் அனுமதி கிடைத்தது. முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை. கறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கையை முகர்ந்து பார்த்துவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

இரண்டாம் நாள் கதவைத் தாழிட்டுக்கொண்டார். பெட்டியைச் சூடாக்கி, தன் சேலை விளிம்பைத் தூக்கி அதில் வைத்தார். லேசாகக் கருகல் வாடை வந்தது. சூட்டைக் குறைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தார். மறுபடி விளிம்பில் வைத்தார். இந்த முறை தடம் இல்லை. பட்டுக்கு அடியில் ஒரு தாள், மேலே ஒரு தாள். பெட்டியை வைத்து “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணி எடுத்துவிட்டார். தாளைப் புரட்டினால் வடைக்கடைத் தாளைப் போல எண்ணெய்த் திட்டு, ஓரத்தில் ரோஜா நிறம்.

“பாத்தியா தம்பி, எட்டு வருசமா உள்ளயே இருந்திருக்கு!” தொலைந்துபோன ஆளைக் கண்டதுபோலச் சொன்னார். அன்றைக்கு மட்டும் பத்தொன்பது தாள்கள் மாற்றினோம். கிளம்பும்போது, மிச்சப் பிசுக்கை உறிஞ்சட்டும் என்று கறை மேல் முகப்பவுடரைத் தூவி மூடிவைத்தார். மூன்றாம் நாள் பவுடரைத் தட்டிவிட்டு இன்னும் ஐந்தாறு தாள். கடைசித் தாள் காய்ந்த தாளாகவே வந்தது. கஞ்சி போட்டதுபோல் விறைத்துக் கிடந்த இடம் இளகி, பட்டு பட்டாக விழுந்தது. ஆனால் உள்ளங்கை அளவு இருந்த சிவப்பு முழுதும் போகவில்லை. ஒரு புளியங்கொட்டை அளவுக்கு அடம்பிடித்து நின்றது. நான், இன்னும் நாலு தாள் போட்டுப் பார்க்கலாமே என்றேன்.

“வேணாம். இதுக்கு மேல ஆசப்பட்டா இழை போயிரும்.” பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். ஆசையை நிறுத்துவது அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்பது, ஒயரைச் சுற்றிய வேகத்தில் தெரிந்தது.

ஸ்ரீலக்ஷ்மி மேடம் துறை அறையில் சாப்பிட்டு முடித்திருந்தார். “இம்புட்டுதான் மேடம் முடிஞ்சது” என்று ஒச்சம்மாள் சேலையை விரித்துக் காட்டினார். மேடம் புளியங்கொட்டையைப் பார்த்தார். அதைச் சுற்றி விரல்களால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, ரசம் சாதம் ஒட்டியிருந்த டிபன் டப்பாவை மேசை மேல் நகர்த்தினார். “இதைக் கழுவிட்டு வா, ஒச்சம்மா.”

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வீட்டு எச்சில் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று என்னை வைராக்கியமாக வளர்த்தவர் என் அம்மா. நான் படித்ததே அதற்காகத்தான் என்று நினைத்திருந்தேன். குழாயடிக்குப் பின்னாலேயே போய், “நீங்க ஏன்க்கா இதக் கழுவணும்? ஒரு நன்றிகூடச் சொல்லல” என்றேன்.

“ஒனக்கு இது எச்சி டப்பா. எனக்கு அப்படி இல்ல” என்றார், நாரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே. “அவுக நன்றி சொல்லியிருந்தா நான் அழுதுருப்பேன். நீ போயி பைலப் பாரு.”

அது எனக்கு இன்றுவரை முழுதாகச் செரிக்கவில்லை. ஆனால் தண்ணீரை உதறிவிட்டு, மூடியின் வளையத்தையும் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அந்த முகத்தை நான் மறுக்கவும் முடியாது.

ஏப்ரல் கடைசியில் மேடத்துக்குப் பிரிவு உபசார விழா. மாணவிகள் வாங்கி வந்திருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தேன். மறுபடியும் சிவப்பு. மேடம் அதே சந்தன நிறப் பட்டில் வந்திருந்தார். கறையைக் கொசுவத்துக்குள் மடிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே புளியங்கொட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஒச்சம்மாள் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்றார்.

முதல்வர் முதல் திரியை ஏற்றிவிட்டு மெழுகுவர்த்தியை மேடத்திடம் நீட்டினார். அதன் விளிம்பில் ஒரு சிவப்புத் துளி திரண்டு நின்றது. மேடம் வாங்கவில்லை. திரைப் பக்கம் திரும்பினார்.

“ஒச்சம்மா, உன் கப்பு எங்க?”

ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒச்சம்மாள் ஒரு கணம் நின்றார். பிறகு ஓடி வந்தார். முதல்வர் கையிலிருந்து மெழுகுவர்த்தியை வாங்கி, கப்பின் ஓட்டையில் செருகித் திருகினார். திரண்டிருந்த துளி கப்புக்குள் விழுந்தது.

“மேடம், கப்பு படத்துல வருது” என்றார் போட்டோகிராபர்.

“வரட்டும் தம்பி. கப்போட சேர்த்தே எடுங்க.”

மாணவிகள் பக்கம் கைதட்டல் எழுந்தது. ஒச்சம்மாள் நகரப் பார்த்தார். ஆனால் கப்பு ஆடியதால் அதை விட முடியவில்லை. மேடம் திரியை ஏற்றி முடிக்கும்வரை கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்லூரி மலரில் அந்தப் படம் வந்திருக்கிறது: மேடம், குத்துவிளக்கு, பேப்பர் கப், ஓரத்தில் ஒரு நீலக் கோட்டின் கை.

ஸ்ரீலக்ஷ்மி மேடம் இப்போது எஸ்.எஸ். காலனியில் தன் வீட்டில் இருக்கிறார். ஒச்சம்மாள் அதே மண்டபத்தில்தான் இருக்கிறார். எங்கள் விழாக்களில் மெழுகுவர்த்தி கப்போடுதான் மேடை ஏறுகிறது. பிருந்தாவின் அட்டை ஒடிந்துபோய், அவர் இடத்துக்கு வணிகவியல் மாணவி ஒருத்தியின் அட்டை வந்திருக்கிறது.

போன வாரம் தமிழ்வாணி டீச்சர் ஒரு பச்சைப் பட்டோடு ஒப்பனை அறை வாசலில் நின்றார். வீட்டில் மகள் பிறந்தநாளில் சொட்டிவிட்டதாம். “டவுன்ஹால் ரோட்டுக்கே குடுத்துரட்டுமாக்கா?” என்று தயங்கிக் கேட்டார்.

ஒச்சம்மாள் சேலையை வாங்கி மேசையில் விரித்தார். அடியில் ஒரு தாள், மேலே ஒரு தாள் வைத்தார். பெட்டியைச் சூடாக்கி எடுத்து, குனிந்து, தன் சேலை விளிம்பைத் தூக்கி, முதலில் அதில் வைத்துப் பார்த்தார்.